ஸஃபிய்யா என்று சொல்ல வராத வீடு

பல் விழுந்ததற்காகத் திட்டு வாங்கியவர்கள் உங்களில் யாராவது உண்டா? நான் வாங்கியிருக்கிறேன். ஏழு வயதில் மேல் வரிசை முன்பல் இரண்டும் ஒரே வாரத்தில் விழுந்தன. வேண்டுமென்றே பிடுங்கிக்கொண்டேன் என்பதுபோல வாப்பா என்னைக் கோபித்துக்கொண்டார். நம் வயதில் பல்செட்டைக் கழற்றி டம்ளரில் போடும்போதெல்லாம் மற்றவர்களுக்குப் பேரன் பேத்தி ஞாபகம் வருகிறது, எனக்கு அந்த ஒரு வருஷம் ஞாபகம் வருகிறது. சிரிப்பு வராது. எரிச்சல்தான் வரும். அந்த எரிச்சல் யார் மேல் என்று இத்தனை காலமும் யோசித்துப் பார்த்துவிட்டேன். உங்களிடம் சொல்கிறேன், நீங்களே முடிவு பண்ணுங்கள்.

ஜப்பான்காரன் சண்டைக்கு ரொம்ப முந்திய காலம். ஜொகூரில் ஆற்றோரமாக ஒரு சின்ன ஊர். பத்து பாகாட்டுக்கு பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரம், மழை பெய்து சாலை சேறானால் அரை நாள். ஒரே ஒரு கடைத்தெரு. அதன் ஆற்றுப்பக்க முனையில் வாப்பாவின் சாப்பாட்டுக்கடை. கீழே கடை, மேல்மாடியில் நாங்கள். கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் பக்கத்துக் கடைக்காரர் பாக்கு காயப்போடுவார். பச்சைப் பாக்கின் அந்தத் துவர்ப்பு வாடையும் ஆற்றுச் சேற்று வாடையும், அதற்கு மேலே வாப்பா வதக்குகிற வெங்காயமும் கலந்த ஒரு காற்று. இப்போது அந்தப் பக்கம் போனால் பெட்ரோல் வாடைதான்.

கடையில் நாலு மேசை. வெள்ளைப் பளிங்குப் பலகை போட்ட வட்ட மேசைகள். கொப்பரை ஏற்றுகிற ஜாவாக்காரர்கள், தவ்கே என்று நாங்கள் கூப்பிடும் சீன முதலாளிமார், சம்பள நாளில் ரப்பர்த் தோட்டத்திலிருந்து வருகிற நம் ஆட்கள், கிட்டங்கிக்குக் காவல் இருந்த சீக்கியர், எல்லோரும் அங்கேதான் சாப்பிடுவார்கள். வாப்பா சமையல். வாப்பாவின் தம்பி, என் சாச்சா, பரிமாறுவது. சாச்சாவுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் எழுத்து கூட்டி வாசிக்க வரும். அதனால் வீட்டில் அவருக்கு ஒரு மிதப்பு.

வாப்பாவின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னாலும் எதைச் சொல்வது? அவருக்கு இரண்டு பெயர். பெற்றவர்கள் வைத்தது ஒன்று. இன்னொன்று கப்பல் வைத்தது. பதினாறு வயதில் இந்தப் பக்கம் வந்து இறங்கியபோது, அம்மை நோய்க்குப் பயந்து கப்பலில் வந்தவர்களை ஒரு தீவில் தங்க வைத்திருந்தார்களாம். ஆட்களை வெளியே விட ஒரு கிராணி பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டார். வாப்பாவின் பெயரை அதில் யாரோ கண்டபடி எழுதிவைத்திருந்தார்கள். முதல் நாள் அதைக் கூப்பிட்டபோது வாப்பா எழுந்திருக்கவில்லை. அது தன் பெயர் இல்லையே. இரண்டாம் நாளும் எழுந்திருக்கவில்லை. கூட வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். மூன்றாம் நாள் "நான்தான்" என்று கையைத் தூக்கிவிட்டார். அந்தப் பெயரே பாஸிலும் கடை லைசென்ஸிலும் ஏறி, சாகும்வரை இறங்கவில்லை.

"ஒரே ஒரு தடவை பதில் சொன்னேன். ஆயுசுக்கும் ஒட்டிக்கிச்சு" என்பார். விளையாட்டாகச் சொல்ல மாட்டார்.

எனக்குப் பெயர் வைத்தது கடலுக்கு அந்தப் பக்கம், சொந்த ஊரில். அப்போது வாப்பா இங்கே இருந்தார், அதனால் அவருக்கு அதில் கை வைக்க முடியவில்லை. எனக்கு அடுத்துப் பிறந்த இரண்டு பிள்ளைகள் இந்த ஆற்றோர வீட்டில் பிறந்து, பெயர் வைக்குமுன்னே போய்விட்டன. மூன்றாவதாகத் தங்கை பிறந்து, ஏழு நாள் தாண்டி, இருபது நாள் தாண்டியும் நன்றாகப் பால் குடித்தபோது வாப்பாவுக்கு வந்த ஆசை கொஞ்சநஞ்சமல்ல. நாற்பதாம் நாள் பெயர் வைப்பது, அந்தப் பெயரை இந்த ஊரில் எந்த வாயும் கெடுக்கக்கூடாது என்று முடிவு பண்ணினார்.

நல்ல எண்ணம்தான். எப்படிச் செய்தார் தெரியுமா? பளிங்கு மேசையில் பென்சிலால் ஏழெட்டுப் பெயர்களை எழுதிவைத்துக்கொண்டு, சாப்பிட வருகிறவர்களிடம் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். தட்டு வைப்பதற்கு முன்னால் பெயர்.

ஜைனப் என்றார். நம் ஆட்கள் செய்னம்பு என்றார்கள், ஜாவாக்காரர்கள் ஜெனாப் என்றார்கள். ஈரத்துணியால் அழித்தார். ருக்கையா என்றார். சீனத் தவ்கே சிரித்துக்கொண்டே "லுக்கையா" என்றார். அழித்தார். கதீஜாவை எல்லோரும் சேர்ந்து தீஜா ஆக்கினார்கள். அழித்தார். சீக்கியர் மட்டும் எதைச் சொன்னாலும் சரியாகச் சொன்னார், ஆனால் அவர் ஒருவர் சொல்லி என்ன ஆகப்போகிறது?

உம்மா மாடிப்படியில் குழந்தையோடு உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர், அன்று மத்தியானம் வாப்பா மேலே வந்ததும் மெதுவாகச் சொன்னார்: "ஆமினான்னு வச்சா என்னாங்க? அதை யாரும் கெடுக்க முடியாதுல்ல."

வாப்பா கீழே போய் ஆமினாவையும் மேசையில் எழுதினார். தவ்கே சொன்னார்: ஆமினா. ஜாவாக்காரர் சொன்னார்: ஆமினா. தோட்டத்து ஆட்களும் ஆமினா என்றார்கள். சாச்சா கைதட்டினார். அண்ணனை அவர் காக்கா என்றுதான் கூப்பிடுவார். "முடிஞ்சுது காக்கா! எல்லா வாய்லயும் ஒரே மாதிரி வருது!"

எனக்கும் அப்பாடா என்றிருந்தது. வாப்பா தேடியது கிடைத்துவிட்டது அல்லவா? அவர் ஈரத்துணியை எடுத்து அதையும் அழித்தார்.

"வீட்டுக்கு வீடு ஆமினா இருக்கு" என்றார்.

இந்த இடத்தில் எனக்கு இன்றைக்கும் எழுந்து போய் அவர் கையைப் பிடிக்க வேண்டும்போல இருக்கும்.

அடுத்த வாரம் துணி விற்கிற அரபி ஒருவர் படகில் வந்து இறங்கினார். வருஷத்துக்கு இரண்டு முறை வருவார். தாடியில் மருதாணி, மேலே அத்தர் வாசம். வாப்பா அவருக்கு மட்டும் தட்டைத் தோளில் போட்டிருக்கும் துண்டால் இரண்டு தரம் துடைத்து வைப்பார். பெயர் யோசனை கேட்டதும் அந்த அரபி கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: ஸஃபிய்யா. கீழ் உதட்டில் பல்லை மெல்ல வைத்து, காற்றை விட்டு, யா-வில் ஒரு அழுத்து அழுத்தி. அந்த வாயில் கேட்க அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். வாப்பா அப்படியே நின்றுவிட்டார். அவர் அதை மேசையில் எழுதவும் இல்லை, யாரிடமும் சொல்லிப் பார்க்கவும் இல்லை. நாற்பதாம் நாள் குழந்தையின் முடி இறக்கி, பாங்கு சொல்லி, பெயரை வைத்துவிட்டார்.

அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. குழந்தையைப் பிறப்பித்த மலாய் மருத்துவச்சி, வாயில் வெற்றிலையோடு, "சாப்பியா! செடாப் நாமா" என்று பாராட்டினாள், நல்ல பெயர் என்று.

"சாப்பியா இல்ல. ஸ-ஃபி-ய்-யா" என்றார் வாப்பா.

"யா லா, பியா" என்று சொல்லிக் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள் அவள். சாச்சா சும்மா இருப்பாரா? "மலாய்க்காரங்க சாப்பின்னா மாட்டைச் சொல்றாங்க காக்கா. நம்ம ஆளுங்க சபியான்னா சபிக்கிற மாதிரி இருக்கு. நான் என்னான்னு கூப்பிடறது?"

வாப்பா கடையில் நின்று ஊருக்கே பாடம் நடத்தினார். "பல்லை உதட்டுல வைங்க. ஊதுங்க. ஃபூ... ஃபூ..." தோட்டத்து ஆட்கள் வாயில் சோற்றோடு ஊதியதில் பருக்கை பறந்ததுதான் மிச்சம். கடைக்கு வருகிறவர்கள் குழந்தையைப் பற்றி விசாரிக்கவே பயந்தார்கள். விசாரித்தால் பெயரைச் சொல்ல வேண்டுமே.

கடைக்கு வருகிறவர்கள் தப்பித்துப் போய்விடுவார்கள். நாங்கள் எங்கே போவது? வாப்பா என்னைத் தினமும் சாயங்காலம் மேசைக்கு எதிரே நிறுத்திச் சொல்லச் சொல்வார். எனக்கு உதட்டில் வைக்கப் பல்லே இல்லை. காற்று ஓட்டை வழியாகப் போகும். "ஸஹிய்யா" என்று வரும். வேகமாகச் சொன்னால் "ஸய்யா". "உனக்கு அக்கறை இல்ல. இருக்கறவங்களுக்கு வருது" என்பார். பல் முளைக்கும் என்று ஒரு பெரிய மனிதருக்குத் தெரியாதா? தெரிந்திருக்கும். அந்தச் சமயத்தில் அது அவருக்குத் தோன்றவே இல்லை. கடைசியில் ஒருநாள், "சரியாச் சொல்ல வர்ற வரைக்கும் நீ அந்தப் பேரைச் சொல்லவே வேணாம். பாப்பான்னு கூப்பிடு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். நான் மாடிக்குப் போய், தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு, தங்கையின் பெயரைத் தப்புத் தப்பாக நூறு தடவை சொன்னேன்.

உம்மாவுக்குப் பல் எல்லாம் இருந்தது. இருந்தும் அவருக்கும் வரவில்லை. பிறந்ததிலிருந்து பேசிய நாக்கு, அது எப்படிப் போகுமோ அப்படித்தான் போகும். "சபியா, என் செல்லம், சபியா" என்று தாலாட்டுவார். கீழே அடுப்படியிலிருந்து வாப்பாவின் குரல் வரும்: "ஸஃபிய்யா!" உம்மா நிறுத்திவிட்டு மறுபடி முயற்சி பண்ணுவார். மறுபடி கீழேயிருந்து குரல். திட்டமாட்டார், கை ஓங்கமாட்டார். திருத்துவார், அவ்வளவுதான். ஒரு நாளைக்கு இருபது தடவை, முப்பது தடவை.

கொஞ்ச நாளில் உம்மா குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார். "இந்தா", "வாம்மா", நாக்கைச் சொடுக்கி ஒரு சத்தம், இவ்வளவுதான். தாலாட்டில் பெயர் வரவேண்டிய இடத்தில் ம்ம்ம் என்று இழுத்துவிடுவார். எனக்கு அது அப்போது புரியவில்லை. என் பல்லுக்கு நான் அழுதுகொண்டிருந்தேன். வாப்பாவும் கவனித்த மாதிரி தெரியவில்லை. கீழே தப்பான சத்தம் கேட்கவில்லை, அவருக்கு அது போதுமாயிருந்தது.

பிறப்பைப் பதிய வாப்பா போனபோது நானும் கூடப் போனேன். பதிகிற இடம் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன அறை. அன்றைக்குப் பேய்மழை. தகரத்தின் மேல் விழுகிற சத்தத்தில் பேசுவது எதுவும் கேட்கவில்லை. கிராணி நம் ஆள்தான், தமிழர். மூக்கு நுனியில் கண்ணாடி.

"பேரு?"

"ஸஃபிய்யா."

"என்னது?"

"ஸஃ-பிய்-யா!" வாப்பா மேசையில் குனிந்து கத்தினார்.

கிராணி தலையாட்டிவிட்டுத் தயங்காமல் எழுதினார். எழுதுகிற வேகத்தைப் பார்த்து வாப்பா பூரித்துப்போனார். "படிச்சவர். ஒரு தடவையில பிடிச்சிட்டார்" என்று குடைக்குள் என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

கடையில் சாச்சா அந்தக் காகிதத்தை வாங்கி எழுத்துக் கூட்டினார். முகம் ஒருமாதிரி கோணியது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. மேசையில் விழுந்து விழுந்து சிரித்தார்.

"காக்கா... சுப்பையா! நம்ம புள்ளைக்கு சுப்பையான்னு எழுதிக் குடுத்திருக்கான்!"

அந்தக் கிராணியைச் சொல்லியும் குற்றமில்லை. தோட்டத்து ஆட்களின் பெயரை எழுதி எழுதிப் பழகிய கை. பெண் என்று பக்கத்தில் எழுதியிருந்தார். பெண் பிள்ளைக்கு எப்படி சுப்பையா என்று அவர் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். வாப்பா அதே மழையில் திரும்பிப் போனார். புத்தகத்தில் ஏறிவிட்டது, மாற்ற வேண்டுமென்றால் பத்து பாகாட்டில் பெரிய ஆபீசில் மனு கொடுக்க வேண்டும் என்றார்களாம். நனைந்து திரும்பி வந்தவர், சிரித்துக்கொண்டிருந்த வாடிக்கையாளர்களைப் பார்க்கவில்லை. நேராக மாடிக்கு ஏறி வந்து எங்களை முன்னால் உட்காரவைத்தார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. கோபம் இல்லை அது. பயம்.

"நல்லாக் கேட்டுக்குங்க. இந்தப் பேரை யார் கூப்பிட்டாலும் சரி, எங்கே கூப்பிட்டாலும் சரி, இந்த வீட்டு ஆளு திரும்பிப் பார்க்கக் கூடாது. ஒரு தடவை பதில் சொன்னா ஒட்டிக்கும். என்னைப் பாருங்க."

உம்மா தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

மனு எழுதித் தரத் தெரிந்த ஆளைப் பிடிப்பதும், கடையை விட்டுவிட்டுப் போக நாள் பார்ப்பதுமாக மாதங்கள் போயின. இதற்குள் எனக்குப் பல் பாதி முளைத்துவிட்டது. தங்கை குப்புற விழுந்து, நீந்தி, உட்கார ஆரம்பித்துவிட்டாள். நான் ஒளிந்துகொண்டு "பாப்பா" என்றால் தேடித் திரும்புவாள். கடையில் சாச்சா கரண்டியால் தட்டைத் தட்டினால் மாடியில் இவள் குதிப்பாள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அப்போது அவளுக்கு எல்லாம் கேட்டது.

வாப்பா கடைசியில் ஒருநாள் முதல் பஸ்ஸில் பத்து பாகாட்டுக்குக் கிளம்பினார். பிறப்புக் காகிதத்தைத் தொப்பிக்குள் மடித்துவைத்துக்கொண்டு போனார். இரண்டு நாளாகக் குழந்தைக்கு லேசான காய்ச்சல் இருந்தது. மருத்துவச்சி இலைச்சாறு கொடுத்திருந்தாள். வாப்பா போன கொஞ்ச நேரத்தில் உடம்பு அனலாகிவிட்டது. கண் மேலே மேலே சொருகியது. உம்மா குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு, என்னைக் கையில் பிடித்துக்கொண்டு, ஊர் ஓரத்தில் நாலு கட்டிலோடு இருந்த கவர்மெண்ட் மருந்தகத்துக்கு ஓடினார். கையில் அம்மை குத்திய அட்டை. அதுவும் பதிவுப் புத்தகத்தைப் பார்த்து எழுதியதுதான்.

ஜன்னலில் இருந்த ஆள் பெயர் கேட்டார். உம்மா வாயைத் திறந்தார், மூடினார். அட்டையை மட்டும் நீட்டினார். உட்காரச் சொன்னார்கள். நீள பெஞ்சில் முப்பது பேர் இருப்பார்கள். மருந்துத் தண்ணீர் வாடை. பக்கத்தில் தோட்டத்துக் கிழவர் ஒருவர் காலில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். வைத்தியம் பார்க்கிற டிரஸ்ஸர் உள்ளே இருந்தார். மலாய்க்காரச் சிப்பந்தி ஒருவர் வாசலில் நின்று அட்டையைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்.

"சுப்பையா!"

பக்கத்துக் கிழவர் நொண்டிக்கொண்டு எழுந்து போனார். சிப்பந்தி அவரைப் பார்த்து, அட்டையைப் பார்த்து, தலையை ஆட்டினார். "பூக்கான், பூக்கான். புடாக்." இல்லை, சின்னப் பிள்ளை என்று கையை முழங்காலுக்குக் கீழே காட்டினார். கிழவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். "எம்பேருதான். ஆனா யாரோ குழந்தையாம்" என்று எங்களிடமே சொன்னார்.

சிப்பந்தி மறுபடி கூப்பிட்டார். "சுப்பையா! புடாக் சுப்பையா!"

நான் உம்மாவின் முகத்தைப் பார்த்தேன். உம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் கண்ணை எடுத்துக்கொண்டேன். கீழே சிமெண்டுத் தரையில் ஓர் எறும்பு வரிசை போய்க்கொண்டிருந்தது, அதைப் பார்த்தேன். மூன்றாவது தடவையும் கூப்பிட்டுவிட்டு அந்த அட்டையை அடியில் செருகினார்கள்.

எத்தனை பேர் எங்களைத் தாண்டி உள்ளே போனார்கள் என்று தெரியாது. கிழவரும் போய்விட்டு வந்து வீட்டுக்குப் போய்விட்டார். மத்தியானம் சாப்பாட்டுக்குக் கதவைச் சாத்தினார்கள். அப்போதுதான் குழந்தையின் கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தது. உம்மா போட்ட சத்தத்தில் டிரஸ்ஸர் சாப்பிட்ட கையோடு ஓடி வந்தார். குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போகும்போது திரும்பிக் கத்தினார்: "இவ்வளவு நேரம் என்னம்மா பண்ணினீங்க? காலையிலேயே கொண்டு வரக் கூடாதா?"

உம்மா அவர் பின்னாலேயே ஓடினார். நானும் ஓடினேன்.

சாயங்காலம் வாப்பா கடையில் விஷயம் கேட்டு நேரே ஓடி வந்தார். சேறு முழங்கால்வரை. தொப்பியிலிருந்து காகிதத்தை எடுத்து, குழந்தை படுத்திருந்த கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மாத்திட்டேன். வெள்ளைக்காரத் துரை தன் கையாலயே சிவப்பு மையில எழுதிக் கொடுத்தார். சரி ஆயிடுச்சு புள்ள, எல்லாம் சரி ஆயிடுச்சு" என்று உம்மாவிடம் சொன்னார். சொல்லிக்கொண்டே அழுதார். எனக்கு அவர் கையிலிருந்த காகிதத்தைக் கிழித்தெறிய வேண்டும்போல இருந்தது. நான் செய்யவில்லை. நான் அன்றைக்கு எதையுமே செய்யவில்லை.

எட்டு நாளில் தங்கை பிழைத்து வீட்டுக்கு வந்தாள். ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. இரண்டு வாரம் கழித்து ஒருநாள் சாச்சாவின் கையிலிருந்து பெரிய பித்தளைத் தாம்பாளம் நழுவி, சிமெண்டில் விழுந்து, தெருமுழுக்கக் கேட்கிற மாதிரி உருண்டது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். தங்கை அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரு பாக்கை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். திரும்பவே இல்லை. சாச்சா தாம்பாளத்தை எடுத்து மறுபடி போட்டார். மறுபடி. அப்புறம் அடுப்படிக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பெயரை வைத்து விளையாடியதே இல்லை.

பல வருஷம் கழித்து, நாலு பிள்ளை பெற்ற பிறகு, ஒரு டாக்டரிடம் வேறு யாருடைய கதைபோல இதைக் கேட்டேன். அந்த மாதிரிக் காய்ச்சலில் காது போவது உண்டு, இரண்டு மணி நேரம் முந்தியிருந்தால் போயிருக்காது என்றும் சொல்ல முடியாது, போயிருக்கும் என்றும் சொல்ல முடியாது என்றார். இது ஒரு பதிலா?

வாப்பா திருத்துவதை நிறுத்திவிட்டார். அவர் திருத்தினால் கேட்க வேண்டிய ஆள் இல்லையே. ஆனால் பெயரை விடவில்லை. தங்கைக்கு மூன்று நாலு வயதானதும் கடை ஓய்ந்த நேரத்தில் அவளைப் பளிங்கு மேசையில் உட்காரவைத்து, அவள் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு, வாயை மெதுவாக அசைத்துச் சொல்லுவார். எனக்குக் காட்டாத பொறுமை. அவள் அவர் வாயையே பார்த்துப் பார்த்து அப்படியே செய்வாள். பல் சரியாக உதட்டில் பதியும், காற்றும் வரும். சத்தம் மட்டும் வராது. வாப்பா அவள் நெற்றியில் முத்தம் கொடுப்பார். அதைப் பார்க்கும்போது வாப்பாமேல் கோபப்படவும் முடியாது. அதுவும் எனக்குக் கோபம்தான்.

உம்மா அவளை "சபியா" என்று கூப்பிட ஆரம்பித்தது அந்தக் காய்ச்சலுக்குப் பிறகுதான். உரக்கக் கூப்பிடுவார், மாடியிலிருந்து கடை வரை கேட்கும். கேட்காத பிள்ளையைக் கூப்பிட்டு என்ன பயன் என்று தெரிந்தே கூப்பிடுவார். அடுப்படியிலிருந்து எந்தக் குரலும் வராது.

வாப்பா போய்ச் சேர்ந்தது ரொம்ப நாள் கழித்து. மருந்தகத்தில் பெயர் கூப்பிட்ட கதை அவருக்குத் தெரியாது. டிரஸ்ஸர் கேட்ட கேள்விகூட அவர் காதுக்குப் போகவில்லை. அல்லாஹ் நாடியது என்று ஏற்றுக்கொண்டுதான் போனார். நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி, வந்தவர்களுக்குச் சோறு போட்டு அனுப்பிவிட்டு, மத்தியானம் உம்மாவும் நானும் பின்கட்டில் உட்கார்ந்து மிச்சமிருந்த வெங்காயத்தைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தோம். உம்மா வெள்ளைப் புடவையில் ரொம்பச் சின்னதாகத் தெரிந்தார். திடீரென்று, அரிசி எவ்வளவு மிஞ்சியது என்று கேட்கிற குரலில் கேட்டார்:

"அன்னைக்கு சுப்பையான்னு கூப்பிட்டது நம்ம புள்ளையத்தான்னு உனக்குத் தெரியும்ல?"

இத்தனை வருஷமாக நான் ஒருத்தி மட்டும் தூக்கிக்கொண்டு அலைந்ததாக நினைத்திருந்தேன்.

"உங்களுக்குத் தெரியுமா உம்மா?"

"அந்தக் கிழவர் எந்திரிச்சுப் போயிட்டுத் திரும்பி வந்தப்பவே தெரிஞ்சுது."

"அப்ப ஏன் எந்திரிக்கல?"

உம்மா ஒரு வெங்காயத்தின் தோலை உரித்தார். உரித்து, அதைச் சாக்கில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"உன்னைப் பார்த்தேனே. நீ சின்னப் புள்ள, நீ எந்திரிச்சு நாங்கதான்னு சொல்லிட்டா, புள்ள தெரியாம சொல்லிடுச்சுன்னு உங்க வாப்பாக்கிட்டச் சொல்லிக்கலாம்னு பார்த்தேன். நீ கீழ குனிஞ்சிட்ட."

"நான் உங்களைப் பார்த்தேன் உம்மா. நீங்க எந்திரிப்பீங்கன்னு..."

நீ சின்னப் பிள்ளைதானே, உன் மேல் என்ன தப்பு என்று உம்மா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானும் அவர் கையைப் பிடித்திருக்கலாம். இரண்டு பேரும் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அப்போது தங்கை மூன்று கிளாஸில் தேத்தண்ணீர் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். நாற்பது வயது அவளுக்கு அப்போது. எங்கள் முகத்தைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டு, என்ன பேசுகிறீர்கள் என்று கையால் கேட்டாள். உம்மாவைப் பார்த்துக் கேட்டாள், பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

உம்மா உள்ளங்கையை விரித்து ஆட்டினார். ஒன்றுமில்லை.

நானும் அதையே செய்தேன்.